ஒருத்தனுக்கு ஒரு கோச்

ஜூன் 25

கல்லூரி திறந்தது. மைதானமும் திறந்தது, அதாவது, விடுமுறையில் அங்கே குடியேறியிருந்த ஆடுகள் விரட்டப்பட்டன. தூத்துக்குடி நகரத்துக் கோல்கம்பங்களின் காவலனும், முத்துக்குளித்துறையின் பறக்கும் பெருந்தகையும், எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளனுமாகிய கஸ்பார் மோத்தா என்னும் நான், இன்று காலை என் ராஜ்ஜியத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டேன். ராஜ்ஜியத்தின் அகலம் எட்டு கஜம், உயரம் எட்டு அடி. அதற்கு வெளியே நடப்பதெல்லாம் வெளிநாட்டு விவகாரம்.

கோல்கீப்பர் என்று இங்கே யாரும் நீட்டி முழக்குவதில்லை. கோலி. நான் இதே கல்லூரியின் கோலியாக இருந்து, துறைமுக அணியின் கோலியாக இருந்து, பிறகு கோலிகளுக்கெல்லாம் கோலியாக இங்கேயே திரும்பி வந்தவன். என் காலத்தில் நான் உதைத்த ஒரு பந்து கலங்கரை விளக்கத்தைத் தாண்டி முயல்தீவில் போய் விழுந்தது. அங்கிருந்த முயல்களுக்கு அதற்குப் பிறகுதான் காது நீண்டது.

இந்த வருடம் புதிய தலைமைப் பயிற்சியாளர். நான் பார்க்கும் ஆறாவது ஆள். மற்ற ஐந்து பேரும் வந்தார்கள், விசில் ஊதினார்கள், போனார்கள். கோல்வலைக்குப் பின்னால் பந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தபடியே நான் அத்தனை பேரையும் வழியனுப்பி வைத்தேன். ஆறாவது ஆள் என் அக்காள் மகன் டெரிக். வயது முப்பத்தொன்று. லைசென்ஸ் வைத்திருக்கிறான். லேப்டாப் வைத்திருக்கிறான். தலையில் ஏதோ பசையும் வைத்திருக்கிறான்.

எனக்கு இதில் வருத்தமா? யார் சொன்னது? தலைமைப் பதவியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கிற சாதியில் நான் பிறக்கவில்லை. கொடுக்கிறவர்களுக்குத்தான் ஞாபகம் வரவில்லை. இதை ஜெசிந்தாவிடம் சொன்னேன். என் மனைவி, மீனை அரிந்துகொண்டே, "கேக்கல, சரி. அஞ்சு தடவையும் அந்த வெள்ளச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக் குடுத்தது பக்கத்து வீட்டுக்காரியா?" என்றாள்.

மீன் அரிகிற பெண்ணிடம் வரலாறு பேசக் கூடாது.

ஜூன் 28

டெரிக்கின் முதல் பயிற்சி. வட்டமாக நிற்கவைத்துப் பேசினான். நன்றாகத்தான் பேசினான். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், உங்க செஷன் இன்னைக்கு இருவது நிமிசம்" என்றான்.

"ஏல, ஒனக்கு டவுசர் மாட்டி வுட்டதே நாந்தான். எனக்கு நிமிசம் கணக்குச் சொல்லுதியா?"

பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "கிரவுண்டுல மாமா கெடையாது, சார். சாயங்காலம் வீட்டுக்கு வாரேன். எத்தன டவுசர் வேணும்னாலும் மாட்டி வுடுங்க."

பதில் பரவாயில்லை. என் குடும்பத்து ரத்தம்.

எங்கள் கோலியின் பெயர் இசக்கிராஜா. பி.காம். இரண்டாம் ஆண்டு. நின்றால் குறுக்குக் கம்பி தலையில் இடிக்கும் என்று குனிவான். நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டாலும் நல்ல உயரம். கை ஒவ்வொன்றும் பிரியாணி தேக்சாவின் மூடி. குறை ஒன்றுதான். தேக்சாவுக்குள் இருப்பதும் அவனுக்குப் பிடிக்கும்.

ஜூலை 9

செயலர் பாதிரியார் கூப்பிட்டார். கல்லூரி நிர்வாகத்தில் எல்லாம் அவர்தான். டெரிக்கும் அறையில் இருந்தான். நான் நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். மேஜையைப் பார்த்தார்கள். மேஜையில் ஒன்றுமில்லை.

"மோத்தா, ஒக்காருங்க. எல்லாக் காலேஜ்லயும் ஒரு கோச்தான். பதினோரு பேருக்கு ஒரு கோச் போதும்ங்காங்க. நம்மகிட்ட மட்டும் ஒருத்தனுக்குன்னு தனியா ஒரு கோச். கமிட்டில கேக்காங்க, நான் என்ன சொல்ல?"

"அந்த ஒருத்தன் மட்டும் கையால வெளையாடுதான், ஃபாதர். மத்தவங்க வேற ஆட்டம் ஆடுதாங்க, அவன் வேற ஆட்டம் ஆடுதான்."

"நல்லாத்தான் பேசுதீங்க. ஆனா கோப்ப வந்து எத்தன வருசமாச்சு? இந்தத் தடவ பல்கலைக்கழகக் கோப்ப வந்துச்சுன்னா ஒங்க போஸ்ட் இருக்கும். வரலேன்னா இந்த சீசனோட சரி. என்னால அவ்வளவுதான் வாங்க முடிஞ்சுது."

கடைசி வாக்கியத்தை அவர் டெரிக்கைப் பார்த்துச் சொன்னார். ஏன் அவனைப் பார்த்தார்? எனக்குப் புரிந்துவிட்டது. இது மருமகன் செய்த வேலை. என்னைக் கழற்றிவிட்டு என் இடத்தில் பந்து எறிகிற எந்திரம் ஒன்றை நிறுத்தப் போகிறான். ரோமாபுரியிலேயே சொந்தக்காரர்கள்தான் கத்தியோடு வந்தார்கள்.

கோப்பைதானே? கொண்டுவந்தால் போயிற்று. போன வருடம்கூட ஏழே கோல் வித்தியாசத்தில்தான் அதைத் தவறவிட்டோம்.

ஜூலை 10

இன்று ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கினேன் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

ஜூலை 21

டெரிக் ஒரு டிரோன் வாங்கி வந்திருக்கிறான். ஆட்டத்தை மேலேயிருந்து படம்பிடிக்குமாம். கிளப்பினான். துறைமுகத்துப் பருந்து ஒன்று அதைப் பார்த்தது. தன் வானத்தில் அந்நியன் பறப்பதை மானமுள்ள எந்தப் பருந்து பொறுக்கும்? இரண்டு அடி அடித்தது. டிரோன் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் விழ வந்தது. விழுவதற்கு முன்னால் இசக்கிராஜா பாய்ந்து பிடித்தான். முழு நீளத்தில், இடது பக்கம், இரண்டு கையாலும்.

மைதானமே கை தட்டியது. டிரோனுக்கு ஒரு கீறல் இல்லை.

"பாத்தியால?" என்றேன் டெரிக்கிடம். "ஒங்க லேப்டாப்புல இதுக்கு என்ன பேரு?"

"சூப்பர் கேட்ச், சார்" என்றான். பிறகு யாருக்கும் கேட்காமல், "சூப்பர், மாமா" என்றான். கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். நான் இன்னும் அவனை மன்னிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா திருவிழா. பயிற்சி இல்லை. ஊரே தெருவில். மாதாவிடம் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. இசக்கிராஜாவின் எடை குறைய வேண்டும் என்று மட்டும் கேட்டேன். மெழுகுவத்தி ஏன் இவ்வளவு பெரியது என்று ஜெசிந்தா கேட்டாள். எடை அதிகம் என்றேன்.

கூட்டத்தில் டெரிக் செயலரோடு நின்று ஏதோ கையை ஆட்டி வாதாடிக்கொண்டிருந்தான். திருவிழாவில்கூட ஓய்வில்லை இந்தச் சதிகாரனுக்கு.

ஆகஸ்ட் 18

இன்று இசக்கிராஜாவுக்கு ஊன்றுகால் பாடம் தொடங்கினேன். உலகத்தில் இதை அறிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள்.

பெனால்டி உதைக்க ஓடிவருகிறவனின் உதைக்கிற காலைப் பார்க்கக் கூடாது. அது நடிக்கிற கால். கண்ணையும் பார்க்கக் கூடாது. அது அதைவிடப் பெரிய நடிகன். பந்துக்குப் பக்கத்தில் ஊன்றுகிறானே, அந்த இன்னொரு கால், அதற்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது. அதன் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ பந்து அந்தப் பக்கம்தான். ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கடைசிவரை அசையாமல் விரல்நுனியில் நிற்க வேண்டும். கோலிக்கு ஆட்டத்திலேயே கஷ்டமான வேலை அதுதான். பயந்தவன் முன்னாலேயே பாய்ந்துவிடுவான்.

"பாயாம நிக்கும்போது வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது சார்" என்றான் இசக்கி.

"அது பசிதாம்ல."

"பசி எனக்குத் தெரியும் சார். இது வேற."

அப்போது அவன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

டெரிக் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எட்டு வயதில் எங்கள் தெருவில் செருப்பை வைத்துக் கம்பம் கட்டி இதைச் சொல்லிக்கொடுத்தேன். உயிரோடிருக்கும் மூன்றாவது ஆள் அவன்தான். நான்கு பேர் என்று மேலே எழுதியதைத் திருத்த எனக்கு நேரமில்லை.

செப்டம்பர் 9

காலிறுதியில் ஜெயித்தோம். திருநெல்வேலிக்காரர்களின் பந்துகள் கூட்டம் கூட்டமாக வந்தன. இசக்கி அத்தனையையும் பிடித்து வீட்டுக்கு அனுப்பினான். ஒரு பந்து அவன் மார்பில் பட்டு வெடித்துவிட்டது. வெடித்தது பழைய பந்து என்று டெரிக் சொல்கிறான். பொறாமை.

செப்டம்பர் 16

அரையிறுதியும் முடிந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். பூஜ்யம் என்னுடையது. அந்த ஒன்று யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது; அது அந்தப் பக்கத்துக் கம்பத்தில் நடந்தது.

அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி, எங்கள் மைதானத்திலேயே. எதிரணி நாகர்கோவிலிலிருந்து வருகிறது. வீட்டில் ஜெசிந்தா, "கோப்ப வந்துருமா?" என்று கேட்டாள். கஸ்பார் மோத்தாவைப் பார்த்தா இந்தக் கேள்வி? வந்துவிட்டது என்றேன். அவள் போய் மாதா படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

செப்டம்பர் 23

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்றைக்கு மிகைப்படுத்த எதுவும் மிச்சமில்லை.

ஆட்டத்துக்கு முன் இசக்கிக்குப் பந்து எறிந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு நிமிர்ந்தேன். எதிர்ப்பக்கம் நாகர்கோவில் பையன்கள் பத்துப் பேரும் அவர்கள் கோச்சோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கோலி மட்டும் தனியாக, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். சுவர் எங்கே சரியாகத் திருப்பிப் போடும்? காலடியில்தான் விழுந்தது.

எங்கள் மைதானத்தில் கோலிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க் கோலி ஆளில்லாமல் வந்தால் உள்ளூர்க் கோலியின் ஆள் போய் அவனுக்கும் பந்து எறிய வேண்டும். யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. நான் கல்லூரியில் படித்தபோது கொல்லத்தில் ஒரு போட்டிக்குப் போய் இதேபோல் தனியாக நின்றேன். பாஷை தெரியாத ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எனக்குப் பந்து எறிந்தார். அவர்கள் அணிக்கு எதிராகத்தான் நான் ஆடப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

போனேன். "பேரு என்னல?"

"சுபின், சார்."

எறிந்தேன். பிடித்தான். நல்ல கை. நீளமான, பதறாத கை. எறிந்துவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட வேண்டும். வழக்கத்தின் எல்லை அவ்வளவுதான். ஆனால் கடைசியாக இரண்டு பெனால்டி உதைத்துக் காட்டச் சொன்னான். உதைத்தேன். என் கால் பந்தில் படுவதற்கு முன்னாலேயே பாய்ந்துவிட்டான், இரண்டு தடவையும்.

சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கிறவனைப் பார்த்தால் நம் கை தானாகப் போகுமா, போகாதா? அவன் எந்த ஊர்க்காரன் என்று பார்த்துவிட்டா பொத்தானை அவிழ்ப்போம்?

"விரல்நுனில நில்லு மக்கா. பாயாத. ஊன்றுத காலப் பாரு" என்றேன்.

அவ்வளவுதான். ஊன்றுகிற காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னேன். நுனியைப் பற்றியும் சொன்னேன். விசில் ஊதிவிட்டார்கள், இல்லையென்றால் முழுவதும் சொல்லியிருப்பேன். முழுவதும்தான் சொல்லிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி உதை. பக்கத்துக்கு ஐந்து.

அவர்களுடைய ஐந்தில் இசக்கி இரண்டைப் பிடித்தான். ஐயா, அந்தப் பிடியை எழுத எனக்குத் தமிழ் போதாது! கடைசிவரை மரம் போல நின்றான். வயிற்றுக்குள் என்ன பண்ணியதோ, நின்றான். கோப்பை எங்கள் பக்கம் பாதி வந்துவிட்டது. முன்வரிசையில் செயலர் எழுந்து நின்றுவிட்டார்.

எங்கள் முதல் இரண்டு உதையும் உள்ளே போயின. சுபின் இரண்டு தடவையும் முன்னாலேயே பாய்ந்து தரையில் கிடந்தான். எழுந்து முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டு, வலைக்குப் பின்னால் பந்து மூட்டையின் மேல் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் தலையாட்டவில்லை. கழுத்து தானாக ஆடியது. வயதானால் அப்படித்தான்.

மூன்றாவது உதைக்கு அவன் விரல்நுனியில் நின்றான். பிடித்தான். நான்காவது, பிடித்தான். அப்போது எங்கள் டெரிக் பந்தைப் பார்க்கவில்லை, கோலியைப் பார்க்கவில்லை. மைதானத்தின் ஓரத்திலிருந்து என்னைப் பார்த்தான். எட்டு வயதில் செருப்புக் கம்பத்துக்கு நடுவே நின்ற பையனுக்கு அந்த நிற்பு தெரியாதா?

ஐந்தாவது எங்கள் கேப்டன். கண் வலது பக்கம் பார்த்தது. ஊன்றுகால் இடது பக்கம் பார்த்தது. சுபின் இடது பக்கம் போனான்.

தோற்றோம். அந்தப் பையன் கோப்பையைப் பார்த்து ஓடாமல் வலைக்குப் பின்னால் ஓடிவந்து, வலையோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மைதானம் முழுக்கப் பார்த்தது. செயலர் முன்வரிசையிலிருந்து நன்றாகவே பார்த்தார்.

இரண்டு கோலிகள் சேர்ந்து பிடித்தது ஐந்து பந்து. ஐந்தும் நான் சொல்லிக்கொடுத்த பிடி. ஆசியக் கண்டத்தில் ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஆடித் தோற்ற ஒரே மனிதன் நான்.

செப்டம்பர் 24

டெரிக் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அவனுக்கு ஊன்றுகாலச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"ஃபைனல் அன்னைக்கா?"

"அன்னைக்குத்தானல அவன் நம்ம ஊருக்கு வந்தான்."

"மாமா, ஒங்க வேல அந்தக் கோப்பையில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஞாபகம் இருந்துச்சா இல்லையா?"

"வீட்டுல இருந்துச்சு. பஸ்ஸுல இருந்துச்சு. பந்து கையில வந்த பெறகு இல்ல."

அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். "மாமி, நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க. நான் அந்த ஃபாதர்கிட்ட ரெண்டு மாசமா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான்.

"மொதல்ல சாப்பிடு" என்றாள் அவள்.

கோபத்தில் சாப்பிட்டான். இடியாப்பம் நான்காவது தடவை வைக்கும்போதுதான் கோபம் தணிந்தது. போகும்போது, "அந்த அஞ்சாவது சேவ் இருக்குல்லா மாமா... நல்லாத்தான் இருந்துச்சு, சனியன்" என்றான்.

செப்டம்பர் 28

வழியனுப்பு விழாவில் செயலர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "நல்ல மனசு மோத்தா ஒங்களுக்கு. ஆனா நல்ல மனசுக்குன்னு காலேஜ்ல போஸ்ட் கெடையாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. பேச்சை இசக்கியின் உயரத்தில் தொடங்கி முயல்தீவு வரை நான் நீட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். டெரிக் மட்டும் நடுவில் எழுந்து வெளியே போனான். கதவு பெரிய சத்தத்தோடு சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கும். வெளியே வந்து பார்த்தேன், ஒரு இலைகூட அசையவில்லை.

அக்டோபர் 3

மாடியில் துணி காயப்போட்டேன். ஜெசிந்தா கீழேயிருந்து ஒரு தேங்காயை எறிந்தாள், மட்டை உரித்தது. பிடித்தேன். இரண்டு கையாலும், நெஞ்சுக்கு நேராக.

"பிடிச்சாச்சு, கீழ வாங்க" என்றாள். தேங்காயை இன்னொரு தடவை மேலே எறிந்து பிடித்துவிட்டு இறங்கினேன்.

அக்டோபர் 9

தொலைபேசி. "அண்ணாச்சி, நாகர்கோவில்லேந்து பொன்னையன் பேசுகேன். காலேஜ்ல பிஸிக்கல் டைரக்டரு. நம்ம சுபினுக்க கோல் போஸ்ட்டுக்குப் பின்னால இருந்தது நீங்கதானே?"

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். மறுக்க முடியாத அளவுக்குச் சாட்சிகள் இருந்தார்கள்.

"எங்க ஹெட் கோச் கேரளாவுக்குப் போயாச்சு. எடம் காலியா கெடக்கு. நீங்க வரணும். தலைமைப் பொறுப்பு, முழு டீமும் ஒங்க கையில. பறவை மாமாவ விட்டா வேற ஆளு இல்லன்னு..." என்று சொல்லி ஏனோ இருமினார்.

பறவை மாமா என்பது டெரிக் மூன்று வயதில் எனக்கு வைத்த பெயர். என் வீட்டையும் அக்காள் வீட்டையும் தாண்டி அது வெளியே போனதே கிடையாது. அது எப்படி நாகர்கோவில் வரை போயிற்று? நான் ஆராயவில்லை. புகழ் எந்தச் சந்து வழியாகப் போகிறது என்று யார் கண்டது?

தலைமைப் பயிற்சியாளர்! ஐந்து பேரை வழியனுப்பி வைத்தவனுக்கு! ஜெசிந்தா பீரோவைத் திறந்தாள். வெள்ளைச் சட்டை வெளியே வந்தது. கஞ்சி காய்ச்சுகிற வாசனை இப்போது அடுக்களையிலிருந்து வருகிறது. முப்பது வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை, இன்று பாடுகிறாள். சுருதி சேரவில்லை. மிகவும் அழகாக இருக்கிறது.

அக்டோபர் 12

காலைப் பேருந்தில் நாகர்கோவில். சட்டை கசங்காமல் இருப்பதற்காக வழி முழுக்க முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஆள் என்னை ராணுவம் என்று நினைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை.

பொன்னையன் தங்கமான மனிதர். மைதானம் நல்ல பச்சை, பின்னால் மலை. அணியை இரண்டாகப் பிரித்து எனக்காக ஒரு ஆட்டம் ஆடவிட்டார். மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள், மாலைகூட இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. பார்த்தால் சுபினின் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறேன்.

ஆட்டம் முடிந்தது. பொன்னையன் பேனாவோடு வந்தார். "எப்படி அண்ணாச்சி நம்ம டீமு? எங்க எங்க சரிபண்ணணும்?"

சொன்னேன். சுபினின் இடது தோள் அரை அங்குலம் முந்திக்கொள்கிறது. உயரப் பந்துக்கு முழங்காலை மடக்குகிறான், அது நல்லது. தரைப் பந்துக்கு அவன் வலது கைதான் முதலில் இறங்குகிறது, அது கெட்டது. குரல் போதாது, பாதுகாப்பு ஆட்டக்காரர்களை இன்னும் சத்தமாகத் திட்ட வேண்டும். மூச்சு விடாமல் பேசினேன். பொன்னையன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டார்.

"எல்லாம் சரி. அது ஒரு ஆளு. பாக்கிப் பத்துப் பேரு?"

நான் யோசித்தேன்.

"நம்ம லெஃப்ட் விங்ல ஓடினானே, செவப்பு பூட்ஸ் போட்ட பய. அவன் எப்படி?"

சிவப்பு பூட்ஸா?

"சரி, அது கெடக்கட்டும். கோல் எத்தனைக்கு எத்தன?"

பலகையைத் தேடினேன். பலகை இல்லை. "இங்க ரெண்டு..." என்று இழுத்தேன்.

"நாலுக்கு ரெண்டு, அண்ணாச்சி. அங்கிட்டு நாலு விழுந்துது."

அங்கிட்டு! அந்தப் பக்கம் என்று ஒரு பக்கம் இருந்திருக்கிறது. அதில் நான்கு கோல் விழுந்திருக்கிறது. நான் இவ்வளவு வருடம் இந்த ஆட்டத்தோடு வாழ்ந்திருக்கிறேன். ஐந்து கோச்சுகள் வந்தபோதும் நான் இல்லாமல் இவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டவன் நான். இவ்வளவு காலமும் பத்துப் பேர் என் கண்முன்னால் ஓடியிருக்கிறார்கள், நான் ஒருத்தனைக்கூடப் பார்த்ததில்லை.

வருத்தம் வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. சிரிப்புதான் வந்தது. பொன்னையனும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தார்.

"சார், இந்த வேல எனக்கு வேண்டாம்" என்றேன்.

"அய்யோ, என்ன அண்ணாச்சி, ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?"

"நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஒங்களுக்கு டீமப் பாக்குத ஆளு வேணும். நான் அந்த ஆளு இல்ல. எனக்கு அந்த ஒருத்தனக் குடுங்க."

"அப்படி ஒரு போஸ்ட்டே எங்ககிட்ட கெடையாதே."

"இதுவரைக்கும் கெடையாது."

அவர் என்னைப் பார்த்தார். சுபினைப் பார்த்தார். அவன் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்காதவன் போலக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முதல்வர் அறைக்குப் போனார். மரத்தடியில் காத்திருந்தேன். வெளியே வந்ததும், "பெரிய பதவி வேண்டாம், சின்னது போதும்னு சண்ட போட்ட ஆளப் பாத்ததே இல்லன்னு பிரின்ஸிபால் சொல்லுகாரு. வாருங்க" என்றார்.

திரும்பும்போது இருக்கையில் நன்றாகச் சாய்ந்து தூங்கினேன். சட்டை கசங்கிச் சுருண்டுவிட்டது.

அக்டோபர் 13

ஜெசிந்தாவிடம் சொன்னேன். கசங்கிய வெள்ளைச் சட்டையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். பிறகு, "அங்க போயி கோல் எத்தனன்னுகூடப் பாக்கலயா?" என்றாள். இல்லை என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் அரியவில்லை, நான் பார்த்தேன்.

சாயங்காலம் டெரிக் புயல் மாதிரி வந்தான்.

"ஹெட் கோச் வேலைய வேண்டாம்னுட்டீங்களாமே! மாமா, எவ்வளவு கஷ்டப்பட்டு அந்தப் பொன்னையன் சார..." என்று வாய்விட்டவன், நாக்கைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தான்.

பொன்னையன் சாரை அவன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. ஜூலை மாதம் செயலர் அறையில் பேச்சை நிறுத்தியது ஏன் என்றும் கேட்கவில்லை. கஸ்பார் மோத்தா இந்தப் பக்கங்களில் யாரைப் பற்றியாவது தவறாக எழுதியிருந்தால் அதைச் சரிபார்க்க வேண்டியது வரலாற்று ஆசிரியர்களின் வேலை.

"ஏல," என்றேன், "ஒங்க ஆட்டத்துல அந்த ஒத்தக் கோல் போட்டது யாரு? செமி ஃபைனல்ல?"

"எதுக்கு இப்ப அது?"

"தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். லேப்டாப்பைத் திறந்தான். எங்கிருந்து பந்து கிளம்பியது, யார் யாருக்குக் கொடுத்தான், நடு ஆட்டக்காரன் எதற்காக நான்கு அடி தள்ளி நின்றான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். அவன் சொல்லிக்கொடுத்த ஆட்டம். பத்துப் பேரையும் ஒரே சமயத்தில் பார்க்கிறான் இந்தப் பயல்! என் தலை சுற்றியது. இவனுக்கா நான் டவுசர் மாட்டி விட்டேன்?

மாட்டி விட்டேன். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நவம்பர் 5

நாகர்கோவிலில் முதல் நாள். தூறல். புதிய தலைமைப் பயிற்சியாளரும் இன்றுதான் சேர்ந்திருக்கிறார். டெரிக்கைவிட இளையவர், அவரும் தலையில் பசை வைத்திருக்கிறார். பையன்களை வட்டமாக நிறுத்திவிட்டு, கம்பத்துக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "நீங்க யாரு சார்?" என்று கேட்டார்.

"கோலி கோச்" என்றேன்.

முன்னாலும் பின்னாலும் வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவர் தலையசைத்துவிட்டு மற்ற பத்துப் பேரிடம் போனார். நான் பந்தை எடுத்துக்கொண்டு சுபினிடம் போனேன்.